தவக்காலமும் சிறுவர் பாடசாலையும்

மாசி மாதத்துக் காலைப் பனி முழுதாய் விலகாத வேளையில், யாழ்ப்பாணக் கரையோரத்துக் கத்தோலிக்க ஊரொன்றின் தேவாலய மணி ஒலிக்கிறது. அன்று புதன்கிழமை. வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் தம் புத்தகப் பைகளை விறாந்தையில் அடுக்கிவிட்டு, வரிசையாய்ப் பீடத்தை நோக்கிச் செல்கின்றனர். குருவானவர் சாம்பலைத் தொட்டு ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் சிலுவை அடையாளம் இடுகிறார். மனிதன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே மீள்பவன் என்னும் நினைவூட்டலே அச்சடங்கின் பொருள். பூசை முடிந்ததும் பிள்ளைகள் அதே வளவில், வேம்பின் நிழலுக்கு அப்பால் நிற்கும் பாடசாலைக்குள் நுழைகின்றனர். முதலாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அடுத்திருப்பவனின் நெற்றியைப் பார்த்து, தன் நெற்றியிலும் அவ்வாறே இருக்கிறதா என்று கேட்கிறான். தவக்காலம் தொடங்கிவிட்டது.

கத்தோலிக்கத் திருச்சபையின் ஆண்டு ஒழுங்கில் உயிர்த்த ஞாயிறே தலையாய திருவிழா. அதற்கு ஆயத்தமாக வரும் நாற்பது நாட்கள் தவக்காலம் எனப்படும். முன்னைய தலைமுறையினர் இதனைத் தபசுகாலம் என்று வழங்கினர். தொடக்க நாளுக்கு விபூதிப் புதன் என்றும் திருநீற்றுப் புதன் என்றும் பெயர். செபம், நோன்பு, தருமம் என்னும் மூன்றுமே இக்காலத்தின் தூண்கள். இம்மூன்றையும் குறித்து இயேசுநாதர் மலைப்பொழிவில் போதித்த பகுதியே விபூதிப் புதன் பூசையில் வாசிக்கப்படுகிறது. பிறர் காண வேண்டும் என்பதற்காகக் கொடுப்பதும், செபிப்பதும், நோன்பிருப்பதும் ஆகா. அவை மறைவில் நிகழ வேண்டியவை என்பதே அப்போதனையின் சாரம்.

நோன்பும் ஒறுத்தலும் பெரியோருக்கு உரியவை என்று எண்ணுவது இயல்பு. அவ்வாறாயின், ஐந்து வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகள் பயிலும் ஆரம்பப் பாடசாலையில் தவக்காலத்துக்கு என்ன இடம் உண்டு? காலை உணவு இல்லாமலே வகுப்புக்கு வந்த பிள்ளையொன்று அந்த வாங்கிலே இருக்குமாயின், அப்பிள்ளையிடம் எதனைத் துறக்கும்படி சொல்வது? இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. கடற்றொழிலாலும் கூலி வேலையாலும் வாழும் ஊர்களில் ஆண்டுதோறும் ஆசிரியர் முன் வந்து நிற்கும் கேள்வியாகும். அதற்குப் பாடசாலைகள் கண்டுள்ள விடையை அறிந்துகொண்டால், தவக்காலத்தின் உட்பொருளும் விளங்கும்.

முதலில் பிள்ளைகளே எழுப்பும் ஒரு கணக்கைத் தீர்த்துவிடுதல் நலம். தவக்காலம் நாற்பது நாள் என்று ஆசிரியை சொல்கிறார். எண்ணத் தெரிந்த நான்காம் வகுப்புப் பிள்ளை நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்து, நாற்பத்தாறு நாள் வருகிறதே என்கிறது. 2025ஆம் ஆண்டில் விபூதிப் புதன் மார்ச்சு 5ஆம் திகதியும், உயிர்த்த ஞாயிறு ஏப்பிரல் 20ஆம் திகதியும் வந்தன. இடைப்பட்ட நாட்களை எண்ணினால் 46 வரும். பிள்ளையின் கணக்குச் சரியே. ஞாயிறு எப்பொழுதும் ஆண்டவரின் உயிர்ப்பைக் கொண்டாடும் நாள் ஆகையால், ஆறு ஞாயிறுகளும் நோன்பு நாட்களுள் அடங்கா. அவற்றைக் கழித்தால் எஞ்சுவது நாற்பது. இயேசுநாதர் பாலைவனத்தில் நோன்பிருந்த நாற்பது நாட்களின் நினைவாகவே இவ்வெண் கொள்ளப்பட்டது. உயிர்த்த ஞாயிறு, மார்ச்சு 21ஆம் திகதியை அடுத்து வரும் பௌர்ணமியின் பின்னான ஞாயிறாகக் கணிக்கப்படுவதால், விபூதிப் புதனும் பெப்ரவரி 4 முதல் மார்ச்சு 10 வரை இடம் மாறிக்கொண்டே இருக்கும். கழித்தல் கணக்கும் சந்திரன் வளர்வதும் தேய்வதும் இவ்வாறு சமய பாடத்திலே வந்து சேர்கின்றன.

தேவாலயமும் பாடசாலையும் ஒரே வளவில் அமைந்திருப்பது தற்செயலாக நேர்ந்ததன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமார் இல்லாத காலத்தில், செபங்களை மனனஞ்செய்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோர் இல்லறத்தாரே. 1687இல் மறைவாக இந்நாட்டுக்கு வந்த சூசை வாஸ் முனிவர், அவ்வாறு எஞ்சியிருந்த நம்பிக்கையின் மீதே தம் பணியைக் கட்டியெழுப்பினார். அவர் 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதி கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்டார். பிள்ளைக்குக் கற்பித்தலும் நம்பிக்கையைக் காத்தலும் ஒன்றே என்னும் எண்ணம் அந்த இடுக்கண் காலத்திலேயே இம்மக்களிடம் வேரூன்றியது.

1847இல் அமலமரித் தியாகிகள் சபையினரும், 1862இல் திருக்குடும்பக் கன்னியரும் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். 1868 முதல் யாழ்ப்பாணத்தின் ஆயராய் விளங்கிய பொஞ்ஜீன் ஆண்டகை, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கப் பாடசாலை வேண்டும் என்று அரசினரோடு வாதாடியவர். பாடசாலைகளுக்கு அரசின் நன்கொடைப் பணம் கிடைக்கத் தொடங்கியதும், பங்குகள்தோறும் ஓலைக் கொட்டில்களிலும் பின்னர் கற்கட்டடங்களிலும் சிறிய தமிழ்ப் பாடசாலைகள் எழுந்தன. பகலில் பாடசாலை, மாலையில் செபமாலை, ஞாயிறு ஞானோபதேசம் என்று ஒரே ஆசிரியரே மூன்றையும் நடத்திய ஊர்கள் பலவாகும்.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தாலும் உதவி பெறும் பாடசாலைகள் அரசின் முகாமைக்கு மாறின. கத்தோலிக்கப் பெற்றோர் பலர் பாடசாலைகளுக்குள்ளேயே தங்கித் தம் எதிர்ப்பைக் காட்டினர். பெரிய கல்லூரிகள் சில, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாய் நிலைத்தன. ஊர்ப் பாடசாலைகளோ பெரும்பாலும் அரச பாடசாலைகளாயின. ஆயினும் றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை என்னும் பெயர்ப்பலகை பல ஊர்களில் அப்படியே நின்றது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் சமயத்தைக் கற்பிப்பது நாட்டின் கல்வி ஒழுங்காகையால், கத்தோலிக்க சமய பாடமும் தொடர்ந்தது. முகாமை மாறியது, வேம்பின் இப்பக்கத்துப் பாடசாலைக்கும் அப்பக்கத்துத் தேவாலயத்துக்கும் இடையே பிள்ளைகள் நடந்து தேய்த்த ஒற்றையடிப்பாதை மாறவில்லை.

இனி நோன்பின் சட்டத்தை நோக்குவோம். தமிழ்க் கத்தோலிக்கரிடையே இரண்டு பழஞ்சொற்கள் உண்டு. நாளொன்றுக்கு ஒருவேளை மட்டும் முழு உணவு கொள்வது ஒருசந்தி. இறைச்சி நீக்கி உண்பது சுத்தபோசனம். 1917ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, சுத்தபோசனம் ஏழு வயது நிறைந்த யாவருக்கும் கடமையாயிருந்தது. ஒருசந்தி 21 வயது நிறைந்தோரையே கட்டுப்படுத்தியது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின், 1966ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் இவ்வொழுங்கைத் திருத்தினார். ஒருசந்தி விபூதிப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாட்களுக்குச் சுருங்கியது. சுத்தபோசனத்தின் வயது பதினான்காக உயர்ந்தது. 1983ஆம் ஆண்டின் புதிய சட்டத் தொகுப்பு, ஒருசந்தியின் தொடக்க வயதைப் பதினெட்டாக்கியது. 59 வயது நிறைந்தோருக்கு அக்கடமை இல்லை.

ஆகவே, இன்று ஆரம்பப் பாடசாலையில் உள்ள பிள்ளை ஒன்றேனும் நோன்புச் சட்டத்துக்கு உட்பட்டதன்று. எனினும் அதே சட்டம், வயது வராத பிள்ளைகளும் தவத்தின் உண்மையான கருத்தை உணரும்படி வளர்க்கப்படுவதைக் குருமாரும் பெற்றோரும் உறுதிசெய்ய வேண்டும் என்று பணிக்கிறது. வளரும் உடலைப் பசியால் வாட்டலாகாது. வளரும் உள்ளத்துக்கோ தவத்தின் கருத்தைப் புகட்டவேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள ஒடுங்கிய வழியே ஆரம்பப் பாடசாலையின் தவக்காலம்.

கடற்கரை ஊர்களில் இச்சட்டம் விந்தையான ஒரு நிலையை உண்டாக்குகிறது. சுத்தபோசனம் விலக்குவது இறைச்சியை; மீன் விலக்கப்பட்டதன்று. மீன்பிடிப்பவர் வீட்டிலோ மீனே நாள்தோறும் உண்ணும் எளிய உணவு. இறைச்சி என்றோ ஒருநாள் வரும் விருந்து. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் அவர்கள் துறப்பதற்கு ஏதும் இல்லை. இதனை உணர்ந்தோ என்னவோ, தமிழ்க் கத்தோலிக்க இல்லங்கள் பலவற்றில் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மீனையும் நீக்கி மரக்கறியே சமைக்கின்றனர். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் நீக்கும் சைவ அயலவரின் வழக்கத்தோடு இது ஒத்துச் செல்கிறது. உரோமையிலிருந்து வந்த விதியொன்று இம்மண்ணின் பழக்கத்தோடு கலந்து புதிய வடிவு கொண்டமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பாடசாலையில் தவக்காலத்தின் முதற்கூறு செபம். வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை நடைபெறும். ஆண்டவர் தீர்ப்பிடப்பட்டது முதல் கல்லறையில் வைக்கப்பட்டது வரையான பதினான்கு நிலைகளையும் பிள்ளைகள் ஒவ்வொன்றாய்த் தாண்டிச் செல்வர். மேல்வகுப்புப் பிள்ளையொன்று சிலுவையை ஏந்தி முன்னே நடக்கும். இருவர் மெழுகுதிரி பிடிப்பர். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் நிலைக்கு ஒருவராய் வாசிப்பர். சிறு பிள்ளைகளுக்கு முழங்காலிட்டு எழுவதே பெரிய வேலை. ஒன்பதாம் நிலையை எட்டும்போது முதலாம் வகுப்பில் பாதிப்பேர் நிலத்தில் அமர்ந்துவிடுவதும் உண்டு. நல்ல ஆசிரியை அதனைக் குற்றமாகக் கொள்வதில்லை. ஆண்டவரே அந்நிலையில் மூன்றாம் முறையாக விழுகிறார் அல்லவா?

துன்பத்தின் கதையைச் சிறுபிள்ளைக்குச் சொல்வது எளிதன்று. ஆணியையும் ஈட்டியையும் விரித்துச் சொன்னால் பிள்ளை அஞ்சும். மறைத்துவிட்டால் கதையே இல்லை. அனுபவமுள்ள ஆசிரியர் இரண்டு நிலைகளில் சற்று நேரம் தங்குவர். ஐந்தாம் நிலையில் சீரேனே ஊரவனான சீமோன் சிலுவையைச் சுமக்க உதவுகிறான். ஆறாம் நிலையில் வெரோணிக்கா என்னும் பெண் ஆண்டவரின் முகத்தைத் துணியால் துடைக்கிறாள். சீமோன் தானாக முன்வந்தவன் அல்லன். வழியிற் போனவனைப் போர்வீரர் பிடித்து நிறுத்தினர். ஆயினும் சுமந்தான். வெரோணிக்காவை எவரும் அழைக்கவில்லை. அவள் தானே வந்தாள். கேட்டபின் உதவுபவரும் கேளாமலே உதவுபவரும் என்று இருவகையினர் உளர் என்பதைப் பிள்ளைகள் இவ்விரு நிலைகளிலிருந்து விரைவாய் உணர்ந்துகொள்கின்றனர். கூட்டத்தில் மற்றையோர் பார்த்துக்கொண்டு நின்றனர் என்பதையும் எவரேனும் ஒரு பிள்ளை சொல்லிவிடும்.

மாலையிலே இல்லங்களிலும் தேவாலயத்திலும் வியாகுலப் பிரசங்கம் ஒலிக்கும். கோவாவில் 1676இல் பிறந்து, 1705இல் இலங்கைக்கு வந்து, தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியாரின் பெயரோடு வழங்கும் நூல் இது. பாட்டும் வசனமும் அல்லாத ஒருவகை இழுவை இசையில் முதியோர் இதனைப் படிக்க, பிள்ளைகள் பாயில் அமர்ந்து கேட்பர். சொற்கள் யாவும் விளங்காவிடினும், பாட்டியின் குரல் எந்த இடத்தில் தழுதழுக்கும் என்பது பிள்ளைக்குத் தெரியும். திருப்பாடுகளைக் காட்சியாகக் காட்டும் பாஸ்கு மரபும் இக்காலத்துக்கே உரியது. மன்னார் பேசாலையில் உருவங்களைக் கொண்டு நிகழ்த்தும் உடக்குப் பாஸ்கு பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்தில் 1965இல் மரியசேவியர் அடிகளார் தொடக்கிய திருமறைக் கலாமன்றம், திருப்பாடுகளின் நாடகத்தைப் பெரிய அரங்குகளுக்குக் கொண்டுசென்றது. பாடசாலையிலோ ஒரு போர்வையும் ஒரு தடியும் இருந்தால் போதும். மூன்றாம் வகுப்பு நாடகம் தயாராகிவிடும்.

இரண்டாம் கூறு ஒறுத்தல். உணவைக் குறைக்கும் கடமை இல்லாத பிள்ளைக்கு ஒறுத்தல் என்பது என்ன? பள்ளிப் படலையில் விற்கும் ஐஸ்பழத்தை ஒருநாள் வாங்காதிருத்தல், தம்பியோடு சண்டையிடாதிருத்தல், அழைத்தவுடன் எழுந்து சென்று பாட்டிக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தல் என்பன போன்ற சிறு செயல்களையே ஆசிரியர் எடுத்துச் சொல்வர். ஒரு காலத்தில் பிள்ளைகள் தாம் சொன்ன செபங்களையும் செய்த ஒறுத்தல்களையும் எண்ணித் தாளில் குறித்துக் கொடுக்கும் வழக்கம் பல பாடசாலைகளில் இருந்தது. எண்ணிக்கை பிள்ளைக்கு ஊக்கம் தரும் என்பது உண்மை. ஆனால் யாருடைய எண் பெரிது என்ற போட்டியும் அதனோடு வரும். இருபது ஒறுத்தல் செய்தேன் என்று உரத்துச் சொல்லும் பிள்ளை, விபூதிப் புதனன்று கேட்ட போதனைக்கு நேர் எதிரான பாடத்தைக் கற்றுவிடுகிறது. இதனை அறிந்த ஆசிரியர்கள், நாற்பது கட்டங்கள் வரைந்த தாளை ஒவ்வொரு பிள்ளையின் கொப்பிக்குள்ளேயே ஒட்டுவித்து, அதனைப் பிள்ளையும் கடவுளும் மட்டுமே பார்க்கட்டும் என்று விட்டுவிடுகின்றனர்.

மூன்றாம் கூறாகிய தருமத்திலேதான் பாடசாலையின் உண்மையான சோதனை இருக்கிறது. தவக்காலத்தில் வகுப்புதோறும் காணிக்கை சேர்ப்பது வழக்கம். பால்மாப் பேணியொன்றின் மூடியில் துளையிட்டு, அதனை வரிசையாய்க் கைமாற்றுவது எளிய முறை. ஆனால் தகரப் பேணிக்கு ஒரு குறை உண்டு. அது ஓசை செய்யும். காசு விழுந்தால் ஒலிக்கும்; விழாவிட்டாலோ அந்த மௌனமும் வகுப்பு முழுவதுக்கும் கேட்கும். கொடுக்க ஏதுமில்லாத பிள்ளை அந்த மௌனத்தைப் பல ஆண்டுகள் மறவாது. ஆகையால் அனுபவசாலியான ஆசிரியை பேணியை விலக்கி, பனையோலையால் இழைத்த மூடுபெட்டி ஒன்றைக் கதவின் பின்புறத்தில் வைக்கிறார். விரும்பிய பிள்ளை விரும்பிய வேளையில் சென்று போடலாம். யார் போட்டார், யார் போடவில்லை என்பது எவருக்கும் தெரியாது. பெட்டிக்குள் காசு மட்டுமன்றிப் பென்சிலும், அழிறப்பரும், தாளில் சுற்றிய ஒருபிடி அரிசியும் விழுகின்றன.

பிடியரிசி என்பது இந்நாட்டுத் தமிழருக்குப் புதிதன்று. உலையில் இடுமுன் ஒருபிடி அரிசியை எடுத்து வேறு பானையில் சேர்த்துக் கோயிலுக்கோ ஏழைக்கோ கொடுக்கும் பழக்கம் சைவ இல்லங்களிலும் உண்டு. கத்தோலிக்க இல்லங்களிலும் உண்டு. அதன் சிறப்பு யாதெனில், அளந்து எடுப்பது கொடுப்பவரின் கை. எடுத்ததனால் அடுப்பும் நிற்பதில்லை. தவக்கால முடிவில் சேர்ந்த பொருள் பங்கின் ஏழைக் குடும்பங்களுக்கோ, புனித வின்சன்ட் தி போல் சபைக்கோ, கரித்தாஸ் நிறுவனத்துக்கோ செல்லும். சில வேளைகளில் அது வெகுதூரம் செல்வதில்லை. பெட்டியில் பென்சில் போட்ட பிள்ளையின் வீட்டுக்கே, இருட்டிய பின், ஒரு பை அரிசி போய்ச் சேர்வதும் உண்டு. கொடுப்போர் யார், பெறுவோர் யார் என்பதைப் பெட்டி அறியாது. அதுவே அதன் பெருமை.

தானே தேர்ந்துகொள்ளும் பசி வேறு. தன்மேல் வந்து விழும் பசி வேறு. முன்னையது தவம், பின்னையது துன்பம். இரண்டையும் ஒன்றாக எண்ணி, ஏழைப் பிள்ளையை நோக்கி நீ ஏற்கனவே தவஞ்செய்கிறாய் என்று சொல்வது ஆறுதல் போலத் தோன்றினும் அநீதியே. பசித்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது உணவு. பசித்தவனோடு உணவைப் பகிர்வதே கடவுள் விரும்பும் நோன்பு என்னும் கருத்து, எசாயா இறைவாக்கினரின் நூலில் தெளிவாய் இருக்கிறது. ஈகை அதிகாரத்தில் வள்ளுவரும், பசியைப் பொறுத்துக்கொள்ளும் தவத்தினரின் ஆற்றலிலும், பிறர் பசியை மாற்றுவோரின் ஆற்றலே மேலானது என்கிறார். தொலைவான இரு நாடுகளில், வெவ்வேறு காலங்களில் எழுந்த இரு குரல்கள் ஒன்றையே கூறுகின்றன.

இதன் உண்மையை நாடு அண்மையில் மிகக் கடுமையாய் உணர்ந்தது. 2022ஆம் ஆண்டின் தவக்காலம் மார்ச்சு 2ஆம் திகதி தொடங்கியபோது, பொருளாதார நெருக்கடி முற்றிக்கொண்டிருந்தது. எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். பால்மாவும் பாணும் விலையேறின. மண்ணெண்ணெய் கிடையாமல் மீன்பிடிப் படகுகள் கரையிலே கிடந்தன. அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி, உணவுப் பொருட்களின் விலை ஓராண்டு முன்னிருந்ததிலும் 90 வீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தது. அத்தகைய காலத்தில் பிள்ளையின் தவம் எதுவென ஆசிரியர் நெடுநேரம் சிந்திக்க வேண்டியதில்லை. இடைவேளையில் உணவுப் பொதியைத் திறக்கும்போது அடுத்திருப்பவரைப் பார்ப்பதே தவம். பொதி கொண்டுவராத பிள்ளை இடைவேளையில் கிணற்றடிக்குச் சென்று நெடுநேரம் கைகழுவிக்கொண்டு நிற்கும் என்பது ஆசிரியருக்குத் தெரியும். உடன் பயிலும் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் அழைத்து அருகே இருத்தி, ரொட்டியில் பாதியை ஒன்றும் பேசாமல் நீட்டும் பிள்ளைக்குத் தவக்காலத்தைப்பற்றி மேலும் கற்பிக்க ஏதும் இல்லை.

ஆரம்பப் பாடசாலையின் வாங்கிலே எல்லாரும் ஒரே சமயத்தவராய் இருப்பதில்லை. கத்தோலிக்கப் பிள்ளை ஆண்டில் ஒருமுறை நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வருகிறது. பக்கத்துச் சைவப் பிள்ளையோ நாள்தோறும் திருநீறு அணிந்து வருகிறது. விபூதிப் புதன் என்னும் பெயரைக் கேட்டுச் சைவப் பிள்ளை வியப்பதில்லை. 2025ஆம் ஆண்டில் சிவராத்திரி பெப்ரவரி 26ஆம் திகதி வந்தது. மார்ச்சு மாதத்து முதல் நாட்களில் றமழான் நோன்பு தொடங்கியது. மார்ச்சு 5ஆம் திகதி விபூதிப் புதன். எட்டு நாட்களுக்குள் மூன்று சமயத்தவரும் தத்தம் விரதத்துள் புகுந்தனர். மூன்று வழிகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. பருவமெய்தாத பிள்ளைக்கு இஸ்லாமும் நோன்பைக் கடமையாக்குவதில்லை. சைவ இல்லத்திலும் சிறுவருக்குப் பாலும் பழமும் கொடுத்தே விரதம் பழக்குவர். பிள்ளையின் பசியை எந்தச் சமயமும் கேட்பதில்லை. பிள்ளையின் கவனத்தையே கேட்கின்றது.

நாட்கள் நகர்கின்றன. பங்குனி வெயில் ஏறுகிறது. மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பலர் முதல் நன்மைக்கு ஆயத்தமாகின்றனர். 1910இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர், பகுத்தறியும் வயதாகிய ஏழு வயதளவிலேயே பிள்ளைகள் நற்கருணை பெறலாம் என்று ஒழுங்குசெய்தமையால் வந்த வழக்கம் இது. அதற்கு முன் முதற் பாவசங்கீர்த்தனம். எதனைப் பாவமென்று சொல்வது எனத் தெரியாமல், கிணற்றுக்குள் கல் எறிந்தது முதலாக யாவற்றையும் பிள்ளை மனத்துள் அடுக்கிக்கொண்டு செல்கிறது. தேவாலயத்தில் பூக்கள் இல்லை; மகிழ்ச்சியின் அல்லேலூயாப் பாடல் இல்லை; சுரூபங்களை ஊதா நிறத் துணி மூடுகிறது. இல்லாமையைக் கொண்டே ஒன்றை எதிர்பார்க்கக் கற்பிக்கும் முறை இது. துணிக்குள்ளே இருப்பவர் எந்தப் புனிதர் என்று சிறுவர் தமக்குள் பந்தயம் கட்டுவதும் அம்முறையின் ஒரு பகுதியே.

குருத்தோலை ஞாயிறன்று பிள்ளைகள் தென்னங்குருத்தை ஏந்திப் பவனி வருவர். ஓலையை மடித்துச் சிலுவை பின்னுவதில் ஊருக்கு ஒரு கைவண்ணம் உண்டு. பெரிய வியாழனன்று குருவானவர் பன்னிருவரின் பாதங்களைக் கழுவுகிறார். பாடசாலையில் தம்மைக் கண்டதும் எழுந்து நிற்கும் பிள்ளைகளின் முன்னிலையில், அவர் தரையில் முழந்தாளிட்டுக் கடற்றொழிலாளி ஒருவரின் காலைத் துடைப்பதை அப்பிள்ளைகள் காண்கின்றனர். அதன்பின் மணிகள் ஓய்ந்துவிடும். மரக்கட்டையின் ஓசையே வழிபாட்டுக்கு அழைக்கும். பெரிய வெள்ளியன்று பூசை இல்லை. திருச்சிலுவை ஆராதனை மட்டுமே. கடலுக்குப் போவாரும் இல்லை. வழிபாடு முடிந்ததும் பல ஊர்களில் தேவாலய வளவிலே கஞ்சி வார்ப்பர். செல்வர் என்றும் வறியவர் என்றும் இல்லாமல், யாவரும் ஒரே கிடாரத்துக் கஞ்சியை நிழலில் இருந்து குடிப்பர். நாற்பது நாளும் கதவின் பின்புறத்து ஓலைப்பெட்டி மறைவாகச் சொல்லிக்கொடுத்ததை, அந்தக் கஞ்சிக் கிடாரம் அன்று வெளிப்படையாய்ச் சொல்கிறது.

பின்னர் இருளில் புதுத்தீ மூட்டி, பாஸ்கா திரி ஏற்றி, மணிகள் யாவும் ஒலிக்க உயிர்ப்புப் பெருவிழா வருகிறது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையும் அதையொட்டி வருவதுண்டு. விடுமுறை முடிந்து திரும்பும் பிள்ளைகள், வகுப்பறைச் சுவரில் சிலுவைக்கு மேலே செருகியிருக்கும் குருத்தோலையைக் காண்பர். பச்சையும் வெண்மையுமாய் இருந்த அவ்வோலை மெல்ல மெல்லக் காய்ந்து பழுப்பாகும். அடுத்த மாசியில், விபூதிப் புதனுக்குச் சில நாட்களுக்கு முன், பிள்ளைகள் அதனையும் தத்தம் வீட்டு ஓலைகளையும் எடுத்துவந்து தேவாலயத்தில் கொடுப்பர். அவற்றை எரித்துப் பெறும் சாம்பலே அவர்களின் நெற்றிக்குத் திரும்பி வருகிறது. சென்ற ஆண்டு முதலாம் வகுப்பில் இருந்து, தன் நெற்றியைத் தான் காண முடியாமல் அடுத்தவனைக் கேட்ட சிறுவன், இப்பொழுது இரண்டாம் வகுப்பில் இருக்கிறான். இம்முறை அவன் கேட்கவில்லை. புதிதாய் வந்து பக்கத்தில் அமர்ந்திருக்கும் சிறியவனுக்கு, உன் நெற்றியிலும் அப்படித்தான் இருக்கிறது என்று அவனே சொல்லிவிடுகிறான்.